அதிகாலை பில்லில் நேற்றைய தேதி

அதிகாலையில் போடும் பில்லில் மட்டும் முந்தைய நாள் தேதி விழுகிறது என்று யாராவது சொன்னால், புரோகிராமைத் திறந்து பார்க்கும் முன்பே காரணத்தை ஊகித்துவிடலாம். சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட 5:30 மணி முன்னால் இருக்கிறது. அதனால் நமக்கு நள்ளிரவு 12 தாண்டினாலும் காலை 5:30 வரை சர்வருக்கு நேற்றுதான். பத்து மணிக்குத் திறக்கும் கடையில் இது கண்ணிலேயே படாது. சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட் போல விடியும் முன்பே வியாபாரம் நடக்கும் இடத்தில் தினமும் உதைக்கும். ஏப்ரல் 1 அன்று நடந்தால் வரவு போன நிதியாண்டில் போய் உட்காரும்.

பலரும் செய்வது, தப்பு தெரிந்த இடத்திலேயே 5:30 மணியைக் கூட்டிவிடுவது. அப்புறம் ரிப்போர்ட் எழுதுகிறவரும் தன் பங்குக்குக் கூட்டுவார். இப்போது மாலை 6:30க்கு மேல் போட்ட பில்லெல்லாம் நாளைய தேதியில் நிற்கும். ‘இன்று என்ன தேதி’ என்ற கேள்விக்கு அப்ளிகேஷன் முழுவதற்கும் ஒரே ஃபங்ஷன்தான் பதில் சொல்ல வேண்டும். அது ‘ஏசியா/கொல்கத்தா’ என்று இந்திய நேர மண்டலத்தைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

ஏற்காட்டில் அறை பதிவு செய்யும் தளத்துக்குச் சிக்கல் வேறு மாதிரி. பில் போட்டது ஒரு கணம். அறைக்கு வரும் நாள் வெறும் தேதி. மே 10 என்றால் எங்கிருந்து பதிவு செய்தாலும் மே 10தான். ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் நம் ஊர் மே 10 தொடங்கும் நள்ளிரவை ஐஎஸ்ஓ என்ற பொதுத் தேதி வடிவத்துக்கு மாற்றினால், அது யூடிசி நேரமாகி மே 9, 18:30 என்று வரும். அதில் தேதி இருக்கும் முதல் பத்து எழுத்தை வெட்டிச் சேமித்தால் அறை ஒரு நாள் முன்னதாகப் பதிவாகும். கோடை சீசனில் குடும்பத்தோடு மலையேறி வந்தவர்களிடம் “நேற்றே வந்திருக்க வேண்டும், அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம்” என்று சொல்வது கொடுமை. இப்படிப்பட்ட தேதியை டேட்டாபேஸில் நேரம் இல்லாத ‘டேட்’ வகையிலேயே வையுங்கள்.

பொதுவான சின்ன வேலைகளுக்கு ‘யூடில்ஸ்’ என்று ஒரே ஃபைலில் தேதி, பணம், போன் நம்பர் எல்லாவற்றையும் கொட்டி வைத்தால், ஒரே வேலைக்கு மூன்று ஃபங்ஷன் முளைக்கும். தேடிக் கிடைக்காததால் நாலாவது ஆள் இன்னொன்று எழுதுவார். தேதிக்கென்று தனி ஃபைல் போதும். ‘இப்போது’ என்பதை உள்ளேயே எடுக்காமல் வெளியிலிருந்து கொடுக்கும்படி எழுதினால், அதிகாலை நாலு மணியைப் பகலிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

ஜனவரி 31ஐயும் சோதியுங்கள். அடுத்த மாதத் தவணைக்காக அதன் மாத எண்ணில் ஒன்று கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் மார்ச் 3 என்று தரும், லீப் ஆண்டில் மார்ச் 2. தவணை பிப்ரவரி கடைசி நாளிலா, மார்ச் 1லா என்பதை முதலாளியிடம் கேட்டு எழுதுங்கள். அது புரோகிராமர் தானாக முடிவு செய்யும் விஷயம் இல்லை.