இசட் டிரைவில் காலைதோறும் தோன்றும் சிவப்புக் குறி

தக்கலையை அடுத்த ஓர் ஊரில், கணக்கு எழுதிக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் வாசகி ஒருவர் கேள்வி அனுப்பியிருந்தார். அங்கே ஆறு கணினிகள் உள்ளன. வாடிக்கையாளர் கணக்குகள் எல்லாம் ஒரே ஒரு கணினியில் இருக்க, மற்ற ஐந்திலும் அந்தக் கோப்புறை 'இசட் டிரைவ்' என்ற பெயரில் தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். சில மாதங்களாகக் காலையில் கணினியைத் திறந்தவுடன் அந்த இசட் மீது சிவப்புப் பெருக்கல் குறி விழுந்து கிடக்கிறது. கணக்கு மென்பொருளோ, தரவு இருக்கும் இடத்தையே காணவில்லை என்கிறது. கடிதத்தின் கடைசி வரிகள்தாம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன: "பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்ட பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது. போட்டுக் கொடுத்தவர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று முதலாளி சொல்கிறார். அது உண்மையா?"

எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, ஹார்டு டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) பழுது எதுவும் இல்லை. ஆயினும் தொல்லைக்குக் காரணம் அதுதான். இந்த இரண்டு வாக்கியங்களும் ஒருசேர உண்மையாக இருப்பது எப்படி என்பதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன்.

அடிப்படைகளை விரைவாகக் கடந்துவிடலாம். ஒரு கணினியின் கோப்புறையை வேறொரு கணினி தன்னுடையதைப் போலவே திறந்து எழுத உதவும் பேச்சு முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். 1983-இல் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் என்பவர் உருவாக்கிய முறை, பல தலைமுறை மாற்றங்களுடன் இன்றும் விண்டோஸில் உழைக்கிறது. இப்போது அது டிசிபி 445 என்ற வாயில் வழியாக நடக்கிறது. ஏ, பி ஆகிய எழுத்துகளை ஃபிளாப்பி பிடித்துக்கொண்டதும், சி ஹார்டு டிஸ்குக்குப் போனதும் பலருக்கு நினைவிருக்கும். உள்ளே இருக்கும் வட்டுகள் முன்னாலிருந்து எழுத்துகளை எடுத்துக்கொள்வதால், வெளியே இருக்கும் கோப்புறைக்கு விண்டோஸ் பின்னாலிருந்து, இசட்டிலிருந்து தொடங்கி எழுத்து தருகிறது.

ஆனால் இசட் என்பது ஒரு பொருள் அன்று. வழிகாட்டிப் பலகை மட்டுமே. அந்தப் பலகை இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முதலாவது, ஒரு குறிப்பு. 'உள்நுழையும்போது மீண்டும் இணை' என்ற கட்டத்தை நீங்கள் டிக் செய்ததும், எந்தக் கணினி, எந்தக் கோப்புறை, எந்தப் பயனர் என்ற விவரங்களை விண்டோஸ் உங்கள் பெயருக்குக் கீழே ரெஜிஸ்ட்ரியில், அதாவது தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ஏட்டில், எழுதி வைக்கிறது. (கடவுச்சொல் அங்கே எழுதப்படுவதில்லை, அதற்கெனத் தனிப் பெட்டகம் இருக்கிறது.) கணினியை அணைத்தாலும் இந்தக் குறிப்பு அழியாது. இரண்டாவது, உயிருள்ள இணைப்பு. நீங்கள் உள்நுழைந்த பிறகு, இசட் என்று யார் கேட்டாலும் அவரை வலையமைப்புக்கு அனுப்பிவைக்கும் சுட்டி ஒன்று நினைவகத்தில் உருவாக வேண்டும். இது இரவில் இறந்து காலையில் பிறக்கிறது. குறிப்பு இருந்து சுட்டி பிறக்காத நிலையைத்தான் காலைச் சிவப்புக் குறி காட்டுகிறது.

சுட்டி ஏன் பிறக்கவில்லை? வாசகியின் அலுவலகம் நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் போகக்கூடிய தூரம்தான் என்பதால், ஒரு காலையில் நேரில் போய்ப் பார்த்தேன். ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் மாலையானதும் இடி இறங்கும் என்ற அச்சம் அங்கேயும் உண்டு. ஆகவே தினமும் கிளம்பும்போது மெயின் சுவிட்சையே கீழே இறக்கிவிட்டுப் போகிறார்கள். காலையில் அது மேலே ஏறியதும் ரவுட்டர், ஆறு கணினிகள், மின்விசிறிகள் எல்லாம் ஒரே நொடியில் மின்சாரம் பெறுகின்றன. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாசகியின் கணினி இருபது நொடிகளில் கடவுச்சொல் கேட்டது, அவர் தட்டினார், திரை வந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த ரவுட்டரின் விளக்குகளோ அப்போதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன. அதுவும் ஒரு குட்டிக் கணினிதான், தன்னுடைய மென்பொருளைத் தானே ஏற்றிக்கொண்டு எழ வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். விளக்குகள் நிலைபெற ஒரு நிமிடமும் நாற்பது நொடிகளும் ஆயின. கோப்புகளைச் சுமக்கும் ஆறாவது கணினி அதற்கும் பிறகுதான் தயாரானது. ஏனென்றால், "அதில்தான் டேட்டா இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்" என்று முதலாளி அதற்கு மட்டும் எஸ்எஸ்டி போடவில்லை. பழைய ஹார்டு டிஸ்க் மெல்ல முனகிக்கொண்டே எழுந்துகொண்டிருந்தது.

இப்போது அந்த இடைவெளியில் வாசகியின் கணினிக்குள் நடந்ததைப் பார்ப்போம். கம்பி இணைந்திருக்கிறது, ஆனால் கணினிக்கு வலையமைப்பில் முகவரி எண் இல்லை. "எனக்கு ஓர் எண் தாருங்கள்" என்று வலையமைப்பு முழுவதும் கேட்கும்படி அது குரல் கொடுக்கிறது. எண் வழங்க வேண்டிய ரவுட்டர் இன்னும் விழிக்கவில்லை. பதில் வராமல் அலுத்துப்போனால், 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தானே சூடிக்கொண்டு, ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை மறுபடியும் கேட்டுப் பார்க்கும். இதனிடையே விண்டோஸின் மறுபாதி, வலையமைப்பு வந்ததா என்று பார்ப்பதற்கு நிற்பதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே அது அப்படித்தான்: உள்நுழைபவரைக் காத்திருக்க வைக்கக் கூடாது, திரையை முதலில் காட்டிவிட வேண்டும், வலையமைப்பு பின்னால் வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்பது வடிவமைத்தவர்களின் முடிவு. ஆகவே திரை வந்த கையோடு ரெஜிஸ்ட்ரிக் குறிப்பைப் படித்து, ஆறாவது கணினியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. பதில் இல்லை. 'எல்லா நெட்வொர்க் டிரைவ்களையும் மீண்டும் இணைக்க முடியவில்லை' என்று மூலையில் ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டு, முயற்சியைக் கைவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறது. ஒரு நிமிடம் கழித்து எல்லாம் சரியாகிவிட்ட பிறகும், அது தானாகத் திரும்பி வந்து கேட்பதே இல்லை.

பழைய ஹார்டு டிஸ்க் இருந்த நாள்களில் ஐந்து கணினிகளும் ரவுட்டரைவிடத் தாமதமாகவே எழுந்தன. மெயினைப் போட்டுவிட்டு, தேநீர் குடித்து முடித்து வந்து அமரும்போதுதான் கடவுச்சொல் கேட்கும். அந்தத் தாமதம்தான் இத்தனை ஆண்டுகளாக இசட்டைக் காப்பாற்றி வந்தது. அது ஒரு பாதுகாப்பு என்று யாருக்கும் தெரியாது. எஸ்எஸ்டி வந்ததும் ஐந்தும் பாய்ந்து முன்னே ஓடிவிட்டன, ஆறாவது பின்தங்கிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு நுட்பம் உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். சிவப்புக் குறியோடு இருக்கும் இசட்டைச் சற்று நேரம் கழித்து இருமுறை சொடுக்கினால், பெரும்பாலும் அது திறந்துவிடும், குறியும் மறையும். ஆனால் கணக்கு மென்பொருளை நேரடியாகத் திறந்தால், நண்பகல் வரை காத்திருந்தாலும் தரவைக் காணவில்லை என்றே சொல்லும். காரணம், கோப்புறைகளைக் காட்டும் எக்ஸ்புளோரருக்கு ரெஜிஸ்ட்ரிக் குறிப்பைப் படித்து இணைப்பைப் புதிதாக எழுப்பத் தெரியும். மற்ற மென்பொருள்களுக்கு அது தெரியாது. அவை இசட் என்ற சுட்டியைத் தேடுகின்றன. சுட்டி பிறக்கவே இல்லை. எனவே அப்படி ஓர் எழுத்தே இல்லை என்று நேர்மையாகப் பதில் சொல்கின்றன. "மூன்று தடவை இசட்டைத் திறந்து மூடிவிட்டுத்தான் அக்கவுண்ட்ஸைத் திறக்க வேண்டும்" என்று அந்த அலுவலகத்தில் ஒரு சடங்கே உருவாகியிருந்தது. அது வேலை செய்யவும் செய்தது. மூன்று என்ற எண்ணுக்கு அதில் பங்கு எதுவும் இல்லை. முதல் சொடுக்கே போதும், அதற்குள் ஆறாவது கணினி எழுந்திருந்தால்.

சடங்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆறாவது கணினியின் தலையில் ஆயுத பூசைக்கு வைத்த எலுமிச்சம்பழம் சுருங்கிக் காய்ந்துபோய் அப்படியே இருந்தது. எடுத்தால் டேட்டா போய்விடும் என்ற பயம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். காற்றுத் துளையை மறைக்காத வரை அது யாருக்கும் தீங்கு செய்யவில்லை. எனக்குக் கோபம் வருவது வேறொரு மூடநம்பிக்கையின் மீது. காரணம் தெரியாத எந்தக் கோளாறுக்கும் 'பார்மட்' அடித்து விண்டோஸை மறுபடி போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி, அதற்குக் காசும் வாங்குகிறார்களே, அதன் மீது. அந்த அலுவலகத்தில் இரண்டு கணினிகளுக்கு அதையும் செய்து பார்த்திருந்தார்கள். வலையமைப்புப் பேச்சை அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளையும் மனப்பாடமாக ஒப்பிக்க வைக்கும் நம் பாடத்திட்டம், ஒரு ரவுட்டரை அணைத்துப் போட்டு அது எழும் நேரத்தை அளக்க ஒரு மாணவரையும் அனுப்புவதில்லை.

சிவப்புக் குறிகள் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'நெட் யூஸ்' (net use) என்று தட்டிப் பாருங்கள். இசட்டுக்கு எதிரே 'அன்அவெய்லபிள்' என்று இருந்தால், அது மேலே சொன்ன காலைநேரத் தோல்வி. 'டிஸ்கனெக்டட்' என்று இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை: 15 நிமிடங்கள் யாரும் பயன்படுத்தாத இணைப்பைக் கோப்புகளைத் தரும் கணினி தானாக முடித்துக்கொள்வது வழக்கம்; சுட்டி உயிரோடுதான் இருக்கிறது, எந்த மென்பொருள் தொட்டாலும் இணைப்பு மீண்டும் எழுந்துவிடும். 'ஓகே' என்று இருந்தும் ஒரு மென்பொருளுக்கு மட்டும் இசட் தெரியவில்லை என்றால், அதை நிர்வாகியாக இயக்குகிறீர்களா என்று பாருங்கள். விஸ்டா என்ற பதிப்பிலிருந்து விண்டோஸ், சாதாரண நீங்கள், நிர்வாகியான நீங்கள் என்று ஒரே ஆளை இரண்டு உள்நுழைவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. சுட்டி ஒவ்வோர் உள்நுழைவுக்கும் தனித்தனி என்பதால், ஒருவருக்குப் பிறந்த இசட் மற்றவர் கண்ணில் படாது.

பெயரா எண்ணா என்ற கேள்வியும் உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் தபால்காரர் வார்டு எண்ணையும் கதவு எண்ணையும் பார்த்துத் தேடுவதைவிட, இன்ன விளை வீடு என்று பெயரைப் பார்த்து நடப்பதே மிகுதி. எண்ணைப் பஞ்சாயத்து மாற்றலாம், வீட்டுப் பெயர் மாறுவதில்லை. இசட்டை 192.168 என்று தொடங்கும் எண்ணைக் கொண்டு இணைத்திருந்தால், ரவுட்டர் அந்த எண்ணை வேறொரு கணினிக்குக் கொடுக்கும் நாளில் இணைப்பு அறுந்துபோகும். பெயரால் இணைப்பதே நல்லது; எண்தான் வேண்டும் என்றால், ரவுட்டரில் அந்தக் கணினிக்கு அதே எண் என்று ஒதுக்கிவைக்க வேண்டும். ஒரே கணினியைச் சில இடங்களில் பெயராலும் சில இடங்களில் எண்ணாலும் கூப்பிட்டால் விண்டோஸ் அவற்றை இரண்டு கணினிகள் என்றே கருதும். ஒன்றுக்குச் சேமித்த கடவுச்சொல் மற்றதற்கு உதவாது.

நெடுநாள் வேலை செய்துவந்த பழைய நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி (கோப்புகளைப் பகிர்வதற்கென்றே வலையமைப்பில் இணைக்கும் வட்டுப் பெட்டி), கணினியின் விண்டோஸைப் புதுப்பித்த மறுநாளே இணைய மறுப்பது வேறு கதை. 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாகிரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது, எஸ்எம்பியின் முதல் பதிப்பைக் கையாளும் நிரலில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்தப் பதிப்பை அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 வெளியீடு முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 வெளியீடு இன்னும் ஒரு படி போய், டிஜிட்டல் கையொப்பமிடாத எஸ்எம்பி உரையாடலை இயல்பாக ஏற்க மறுக்கிறது. அங்கே பழைய கதவைத் திரும்பத் திறந்துவிடுவது எளிது. செய்யாதீர்கள், பெட்டியைப் புதுப்பியுங்கள் அல்லது மாற்றுங்கள்.

வாசகியின் அலுவலகத்துக்கு நான் சொன்ன வழிகளில் முதலாவதற்குச் செலவே இல்லை: ரவுட்டரையும் ஆறாவது கணினியையும் முதலில் போட்டு, ஆறாவதில் திரை வந்த பிறகு மற்ற ஐந்தையும் போடுவது. இரண்டாவது, உள்நுழைந்ததும் ஓடும் ஒரு சிறு நிரல். 'அன்அவெய்லபிள்' என்று இருக்கும் டிரைவ்களை இடைவெளி விட்டுச் சில முறை எழுப்பிப் பார்க்கும். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 வெளியீட்டில் இதே புகார் குவிந்தபோது மைக்ரோசாஃப்டே கொடுத்த மாற்று வழி இதுதான். உள்நுழையும் முன் 'வலையமைப்புக்காக எப்போதும் காத்திரு' என்று விண்டோஸுக்குக் கட்டளையிடும் கொள்கை அமைப்பும் (குரூப் பாலிசி) உண்டு. ஆனால் அது வலையமைப்பு வந்ததா என்றுதான் பார்க்குமே தவிர, ஆறாவது கணினி எழுந்துவிட்டதா என்று பார்க்காது. இந்த அலுவலகத்துக்கு அது மட்டும் போதாது. ஆறாவதுக்கும் எஸ்எஸ்டி போட்டுவிடலாமே என்று கேட்டேன், தரவை இரண்டு இடங்களில் நகல் எடுத்துவிட்டுத்தான் என்ற நிபந்தனையோடு. முதலாளி யோசிப்பதாகச் சொன்னார்.

பத்து நாள்கள் கழித்து வாசகி ஒரு படம் அனுப்பியிருந்தார். சுவிட்சுப் பலகையில் மருத்துவ பிளாஸ்திரி ஒட்டி, ரவுட்டருக்கு ஒன்று, ஆறாவது கணினிக்கு இரண்டு, மற்றவற்றுக்கு மூன்று என்று பேனாவால் எழுதியிருக்கிறார்கள். மூன்றாவதன் அருகே 'கொஞ்சம் பொறு' என்றும் யாரோ சேர்த்திருக்கிறார். நான்கு கணினிகளில் குறி வரவில்லையாம். ஐந்தாவதில் மட்டும் இன்னும் வருகிறது. அதில் இசட் எண்ணால் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி பதில் எழுதியிருக்கிறேன்.