உடற்கூறியல் முதல் வருடத்தோடு முடிகிற பாடம் இல்லை

சிறு துளை வழியே கேமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்துப் பித்தப்பையை அகற்றும் லேப்ராஸ்கோப்பி அறுவைசிகிச்சை அது. கேமராவைப் பிடித்திருந்த பயிற்சி மருத்துவரிடம், கல்லீரலுக்கும் பித்தக் குழாய்களுக்கும் இடைப்பட்ட கேலட் முக்கோணத்தின் எல்லைகளைக் கேட்டேன். மூன்றையும் தடுமாறாமல் சொன்னார். "சரி, திரையில் காட்டுங்கள்" என்றேன். அவரால் காட்ட முடியவில்லை. மஞ்சள் கொழுப்பும் அதன்மேல் படிந்த சவ்வும்தான் அங்கே தெரிந்தன. அவர் படித்த படத்தில் அவை இரண்டுமே கிடையாது.

அவர்மேல் தப்பில்லை. முதல் வருடத்தில் மனப்பாடம் செய்து தேர்வு எழுதினார். அதன்பின் அறுவை அரங்குக்குள் வரும்வரை யாரும் அவரை மறுபடி அந்த இடத்துக்குக் கூட்டிப் போகவில்லை. இதில் பாதிக்கப்படப்போவது நோயாளி. குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தை, பித்தப்பையிலிருந்து வரும் பித்தப்பை நாளம் என்று நினைத்து வெட்டிவிடுவதுதான் இந்த அறுவையில் எல்லோரும் அஞ்சுகிற விபத்து. கை நடுங்கி நடப்பதைவிட, கண் தப்பாக அடையாளம் கண்டு நடப்பதுதான் அதிகம். அதனால்தான் அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க்கும் அவருடைய சகாக்களும் 1995-இல் ஒரு விதியை வலியுறுத்தினார்கள். முக்கோணத்தில் உள்ள கொழுப்பை முழுக்க விலக்க வேண்டும், பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரிக்க வேண்டும், பித்தப்பைக்குள் போவது இரண்டே குழாய்கள் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் குழாயை மூடும் கிளிப்பைப் போட வேண்டும். முழுக்க முழுக்க உடற்கூறியல்தான் அந்த விதி.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். ஓர் உறுப்பை மாணவர் பதப்படுத்திய உடலிலும், ஸ்கேனிலும், உயிருள்ள மனிதரிலும் ஒரே வாரத்துக்குள் பார்க்க வேண்டும். உடற்கூறியல், கதிரியக்கம், அறுவை என்று சொல்லித் தரும் மூன்று துறையினரும் அப்போது ஒரே அறையில் இருக்க வேண்டும்.

கழுத்துப் பாடத்தை அப்படித்தான் நடத்திப் பார்த்தோம். காலையில் உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் மேசையில் கரோட்டிட் தமனியையும் அதன் வெளிப்பக்கம் படுத்திருக்கும் ஜுகுலர் சிரையையும் பிரித்தார்கள். மதியம் ஒரு மாணவி சம்மதித்துப் படுக்க, இன்னொரு மாணவர் அல்ட்ராசவுண்ட் கருவியை அவர் கழுத்தில் வைத்தார். திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள். "எது சிரை?" என்றதும் அறை அமைதியானது. கொஞ்சம் அழுத்தச் சொன்னேன். ஒரு வட்டம் அப்படியே சப்பையாகிப்போனது, மற்றது துடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் அந்த மாணவியை மூச்சை அடக்கி முக்கச் சொன்னோம். சப்பையான சிரை இரண்டு மடங்காக உப்பியது. கழுத்துச் சிரையில் குழாய் போடும்போது தலைப்பக்கத்தை ஏன் தாழ்த்துகிறோம், அது சிரையை எப்படி உப்பவைக்கிறது என்பதை அதற்குமேல் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

வேறுபாடுகள்தான் அடுத்த விஷயம். படத்தில் ஒன்று இருந்தால் உடலிலும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. உடற்கூறியலாளர் மிக்கெல்ஸ் 200 உடல்களை ஆராய்ந்து 1966-இல் வெளியிட்ட வகைப்பாட்டில், கல்லீரல் தமனி பாடத்தில் உள்ளபடி இருந்தது 55 சதவீதத்தினரில் மட்டுமே. ஒருமுறை எங்கள் மேசையில் வலது கல்லீரல் தமனி குடலுக்குப் போகும் மேல் குடல்தாங்கித் தமனியிலிருந்து கிளம்பி, குடலின் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்குப் பின்னால் ஏறிப் போனது. கதிரியக்கத் துறை நண்பரை அழைத்தோம். இதே அமைப்புள்ள சில நோயாளிகளின் சிடி ஸ்கேன்களை, பெயர் முதலிய அடையாளங்களை நீக்கிவிட்டுக் கொண்டுவந்தார். கணையத் தலையை அகற்றும்போது இந்தத் தமனியைக் கவனிக்காமல் வெட்டினால் கல்லீரலுக்கு என்ன ஆகும் என்று அங்கேயே பேசினோம். மணி அடித்தும் மாணவர்கள் நகரவில்லை.

முப்பரிமாண மென்பொருள்களையும் தொடுதிரை மேசைகளையும் நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஓர் உண்மையான உடலை ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளாகப் படமெடுத்து 1994-இல் வெளியிட்ட விசிபிள் ஹியூமன் படத்தொகுப்பிலிருந்து இன்றுவரை இந்தத் துறை வெகுதூரம் வந்துவிட்டது. ஆனால் திரையில் நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு, விரலால் தட்டினால் கொழுப்பு மறைந்துவிடும். உண்மையான உடலில் எதுவும் தட்டினால் மறையாது, தேடித்தான் எடுக்க வேண்டும். அந்தத் தேடல்தான் பயிற்சி. ஆகவே மென்பொருள் வந்ததும் டிசெக்‌ஷன் நேரத்தைக் குறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வழக்கமாகப் பதப்படுத்தும் ஃபார்மலின் கரைசலில் உடல் விறைத்துவிடுவது குறைதான். அதற்கும் வழி உண்டு. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து உடற்கூறியலாளர் வால்டர் தீல் 1992-இல் வெளியிட்ட பதப்படுத்தும் முறையில் மூட்டுகள் மடங்கும், திசுக்கள் மென்மையாக இருக்கும், அறுவைப் பயிற்சியே செய்யலாம். உடலைத் தானம் தந்தவர்கள் நமக்குத் தந்திருப்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பது அப்போது கையிலேயே தெரியும்.

எந்தக் கருவி வாங்குவது என்று கேட்டு வருபவர்களிடம் முதலில் நேர அட்டவணையைக் காட்டச் சொல்கிறேன். அறுவை மருத்துவருக்கும் கதிரியக்க மருத்துவருக்கும் உடற்கூறியல் ஆசிரியருக்கும் பொதுவான ஒரு மணி நேரம் அதில் இல்லையென்றால், விலையுயர்ந்த கருவியும் உறை போட்டு மூலையில்தான் நிற்கும். அந்த நேரம் இருந்தால் ஒரு பழைய அல்ட்ராசவுண்ட் கருவியே போதும்.

எங்கள் பிரிவில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். அறுவைக்கு முந்தைய மாலை, பயிற்சி மருத்துவர் ஸ்கேனைப் பார்த்து மறுநாள் சந்திக்கப்போகும் குழாய்களைப் பென்சிலால் வரைந்து தர வேண்டும். அறுவை முடிந்ததும் அதே தாளில், உள்ளே பார்த்ததைச் சிவப்புப் பேனாவால் திருத்துவார். முதல் மாதத் தாள்கள் முழுக்கச் சிவப்பாக இருந்தன. அவற்றை எறியவில்லை, புதிதாக வருபவர்களிடம் முதலில் அந்தக் கட்டைத்தான் கொடுக்கிறோம்.