ஸ்கோர் எழுதும் பிள்ளை

பி.டி. பீரியடில் ஸ்கோர் எழுதுவதற்கென்றே ஒரு பிள்ளை இருக்கும். காலில் காலிப்பர் போட்ட பிள்ளை, பார்வை மங்கிய பிள்ளை, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளை, இப்படி யாராவது. மற்றவர்கள் கழற்றிக் கொடுத்த வாட்சும் தண்ணீர் பாட்டிலும் அதன் மடியில் கிடக்கும். ஆசிரியர் தன் பதிவேட்டில் ‘கலந்துகொண்டார்’ என்று எழுதியிருப்பார். நானும் அப்படி எழுதியவன்தான். பிள்ளையை ஓட விடாமல் பத்திரமாக உட்கார வைத்ததைப் பெரிய கருணை என்றே முதல் சில வருடங்கள் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை உடைத்தவள் ஊன்றுகோல்களோடு நடக்கும் ஒரு மாணவி. ஒருநாள் நோட்டை நீட்டி, “தப்பில்லாம எழுதிட்டேன் சார். ஆனா நான் எந்த டீம்னு இதுல எங்கயும் இல்லையே” என்றாள்.

அதன் பிறகுதான் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். டோனா குட்வின், ஜேன் வாட்கின்சன் என்ற இரு கனடிய ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை உலுக்கியது. சாதாரணப் பள்ளியில் படிக்கும் ஒன்பது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையே விளையாட்டு வகுப்பைப் பற்றிப் பேசவிட்டார்கள். அவர்கள் சொன்னவை ‘நல்ல நாள்’, ‘மோசமான நாள்’ என்று இரண்டாகப் பிரிந்தன. கூட்டத்தில் ஒருவராக இருந்தது, திறமையாக ஆடியது எல்லாம் நல்ல நாள். தனித்து விடப்பட்டது, ‘உன்னால முடியுமா?’ என்ற சந்தேகப் பார்வை, ஒப்புக்குச் சேர்த்துக்கொண்டது எல்லாம் மோசமான நாள். ஒன்பது பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் என் மாணவி சொன்னது அதில் அப்படியே இருந்தது. குட்வின் பிறகு உதவியைப் பற்றியும் ஆராய்ந்தார். சில உதவி பிள்ளைக்குத் தெம்பு தருகிறது, சில உதவி அதன் தன்மானத்தைச் சீண்டுகிறது. கேட்காமலே சக்கர நாற்காலியைத் தள்ளிவிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சரி, மைதானத்தில் என்னதான் செய்வது? இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் ஒரு கயிறு. உடற்கல்வி அறிஞர் மஸ்கா மாஸ்டன் 1960-களிலேயே சொன்னது. உயரம் தாண்டக் கயிற்றை நேர்மட்டமாகக் கட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் உயர்த்துகிறோம். தாண்ட முடியாதவர் வெளியே போகிறார். அதாவது, யாருக்கு அதிகப் பயிற்சி தேவையோ அவர்தான் முதலில் உட்காருகிறார்! அதே கயிற்றைச் சாய்வாகக் கட்டினால் எல்லாருக்கும் ஓர் இடம் இருக்கிறது.

கட்டிப் பார்த்தேன். ஒரு முனை கணுக்கால் உயரம், மறுமுனை நெஞ்சு உயரம். கால் பட்டால் அவிழ்ந்து விழுகிற முடிச்சு. ஊன்றுகோல் பிள்ளை தாழ்ந்த முனைக்கு வந்தாள். இரண்டு கோல்களையும் கயிற்றுக்கு அப்பால் ஊன்றி, உடம்பை வீசி இறங்கினாள். அடுத்த முறை யாரும் சொல்லாமலே இரண்டு சாண் தள்ளி, மேட்டுப் பக்கமாக நின்றாள். நன்றாகத் தாண்டுகிற பையன்களும் தாழ்ந்த பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கயிற்றுக்குச் செய்ததை மற்ற ஆட்டங்களுக்கும் செய்யலாம். இடத்தைச் சுருக்கலாம், விதியைத் தளர்த்தலாம், பொருளை மாற்றலாம். பந்தை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டினால் சலசலவென்று உருளும்; பார்வையற்ற பிள்ளை காதாலேயே பிடித்துவிடும். வாலிபாலுக்குப் பதில் பலூன் என்றால் கை மெதுவாக வரும் பிள்ளைக்கும் நேரம் கிடைக்கும். இரண்டு கேப்டன்கள் ஆள் பொறுக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கடைசியாக மிஞ்சி நிற்பவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆர்வக்கோளாறும் ஆபத்து. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்புகளின் பிடிப்பு தளர்வாக இருக்கும். மருத்துவரைக் கேட்காமல் குட்டிக்கரணம் அடிக்க வைக்காதீர்கள். ஆஸ்துமா பிள்ளையின் இன்ஹேலர் வகுப்பறைப் பைக்குள் இருந்து பயனில்லை, மைதானத்துக்கு வர வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளை நீச்சலுக்கு இறங்கினால், அந்தப் பிள்ளையை மட்டுமே பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. ஸ்கோர் எழுதுவது இந்தக் கணக்கில் வராது.

பெற்றோருக்கு ஒரு வேலை இருக்கிறது. ‘விளையாட்டிலிருந்து விலக்கு அளிக்கவும்’ என்ற மருத்துவர் கடிதம் வருடா வருடம் என் மேஜைக்கு வரும். வலிப்பு உள்ள ஒரு பையனின் அம்மாவிடம் அதைத் திருப்பிக் கொடுத்து, “எது கூடாதுன்னு மட்டும் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கம்மா” என்றேன். அடுத்த வாரம் வந்த சீட்டில் இரண்டே வரி: ‘உயரத்தில் ஏற வேண்டாம். துணையின்றி நீந்த வேண்டாம்.’ மறுநாள் பீரியடிலேயே பையன் கபடியில் இறங்கிவிட்டான்.