மயிரிழை பிசகாத அச்சு

1794-ல் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், கபுகி என்ற ஜப்பானிய நாடக வகையின் நடிகர் மூன்றாம் ஓதானி ஒனிஜி எடோபெய் என்ற அடியாள் வேடம் போட்டார். இறுகிய வாய், மூக்கை நோக்கிச் சாய்ந்த கண்கள், பணத்தைப் பறிக்கத் துடிப்பதுபோல் மார்புக்கு முன்னே விரிந்த இரண்டு கைகள். அந்த நொடியை வரைந்தவர் ஷராகு. ஏறக்குறைய பத்தே மாதங்களில் 140-க்கும் மேற்பட்ட படங்களைத் தந்துவிட்டுக் காணாமல் போனவர். அவர் யார் என்று ஆராய்ந்தவர்கள் ஏராளம். எனக்கு வியப்பெல்லாம் அந்த முகத்தை மரத்தில் செதுக்கித் தாளில் அச்சாக எடுத்தவர்கள்மீதுதான்.

ஓவியர் மெல்லிய தாளில் கோடுகளை வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைச் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்குவார். மூல ஓவியம் அத்துடன் போய்விடும். கோட்டைக் குழிக்கக் கூடாது. கோடு மேடாக நிற்கும்படி இரு பக்கமும் மரத்தை வெட்டி எடுக்க வேண்டும். நெற்றியோர முடி ஒவ்வொன்றும் இப்படி நிற்கும் மர வரப்புதான். செர்ரி மரம் இறுக்கமானது, அதனால் அவ்வளவு மெல்லிய வரப்பும் உடையாமல் தாங்குகிறது. முகமும் முடியும் கைதேர்ந்த செதுக்குநரின் வேலை.

சரி, வண்ணங்கள்? பொதுவாக ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிப் பலகை செதுக்க வேண்டும். அத்தனை முறை ஒரே தாளை அழுத்தியும் சிவப்பு உதட்டைத் தாண்டாமல் இருப்பது எப்படி? கோட்டுப் பலகையிலேயே ஒரு மூலையில் ‘ட’ வடிவத்திலும், சற்றுத் தள்ளி நேர்கோடாகவும் இரண்டு அடையாளங்களைச் செதுக்கிவிடுவார்கள். அதிலிருந்து எடுத்த கறுப்பு அச்சுகளை ஒட்டித்தான் வண்ணப் பலகைகளைச் செதுக்குவார்கள். ஆக, கோடுகளோடு அடையாளங்களும் அதே இடைவெளியில் எல்லாப் பலகைகளிலும் இறங்கிவிடும். தாளின் மூலையை ‘ட’வுக்குள்ளும் விளிம்பை நேர்கோட்டிலும் பொருத்தினால் போதும். இதைவிட எளிமையான தீர்வு இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் தாள் சும்மா இருக்காது. நிறத்தை உறிஞ்ச அது ஈரமாக இருக்க வேண்டும். ஈரமானால் விரியும், காய்ந்தால் சுருங்கும். கடைசிப் பலகைவரை ஈரப்பதத்தை ஒரே அளவில் வைத்திருப்பது அச்சடிப்பவரின் கைத்திறன். கோசோ செடியின் நீண்ட நார்களால் ஆன தாள் என்பதால், மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் முதுகில் எத்தனை முறை அழுத்தித் தேய்த்தாலும் கிழியாது. விலங்குப் பசையும் படிகாரமும் பூசியிருப்பதால் நிறமும் கசியாது.

எடோபெய்க்குப் பின்னால் இருக்கும் கருமையில் மைக்காத் தூள் கலந்திருக்கிறது. மைக்கா ஏடு ஏடாகப் பிரியும் கனிமம். தூளாக்கினாலும் ஒவ்வொரு துகளும் தட்டையாகவே இருக்கும். பசையோடு தாளில் படியும்போது பெரும்பாலும் படுத்த நிலையில் ஒட்டி, நுண்ணிய கண்ணாடிகளைப் போல ஒளியைத் திருப்பி அனுப்பும். பார்க்கும் கோணம் மாறினால் கருமை வெள்ளிபோல் மின்னும். கைபேசித் திரையில் அது வெறும் சாம்பல் நிறம்தான். அப்புறம், அருங்காட்சியகத்தில் இதை நேரில் பார்க்க வாய்த்தால் ஒரே இடத்தில் நிற்காதீர்கள்; பக்கவாட்டில் இரண்டு எட்டு நகர்ந்து பாருங்கள்.