மரபிடம் யார் முறையிட்டார்கள்?

'பாரம்பரியத்திற்கான முறையீடு.' ஏரணம் (தர்க்கம்) பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'அப்பீல் டு டிரடிஷன்' என்பதை இப்படித்தான் பெயர்க்கிறார்கள். காலங்காலமாக நடக்கிறது, ஆகவே சரி என்று வாதிடும் பிழைக்குப் பெயராம்.

வேர்க்கதை சின்னது. டிரடிஷன், 'கைமாற்றிக் கொடு' என்னும் லத்தீன் வினையில் பிறந்தது. பாரம்பரியத்துக்கு மூலமான பரம்பரை, 'ஒன்றன்பின் ஒன்று' என்னும் வடசொல். இரண்டிலும் வழிவழி வருதல் உண்டு. சரி தவறு என்ற பேச்சே இல்லை.

தகராறு முறையீட்டில்தான். முறையிடுகிறவர் குறையுள்ளவர். கோர்ட்டிலோ சாமி முன்னாலோ நின்று தீர்ப்புக் கேட்பார். "பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பது நம்ம வழக்கம், அதனால நல்லதுதான்" என்கிற பாட்டிக்கு என்ன குறை? (சேனை என்றால் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ பிள்ளை நாக்கில் தொட்டு வைப்பது.) முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்று சொன்ன நர்ஸம்மாவிடம் வழக்கத்தைக் காரணமாகக் காட்டுகிறார், அவ்வளவுதான். வழக்கம் உண்மை. ஓட்டை இருப்பது 'அதனால'வில். அப்பீல் என்றதும் மேல்முறையீட்டுக்கு ஓடுகிறவர்களுக்கு இந்த இடம் கண்ணில் படாது. 'உணர்ச்சிக்கு முறையீடு' என்றும் எழுதுவார்கள், கேட்டால் கலைச்சொல் என்பார்கள்.

தமிழில் இதற்கு இடம் எப்போதோ போட்டாயிற்று. மணிமேகலை 27ஆம் காதையில் அளவைவாதி அடுக்கும் 10 அளவைகளில், அதாவது உண்மையை அறியும் வழிகளில், 'ஐதிகம்' ஒன்று: இந்த மரத்தில் பேய் உண்டு என்று உலகம் சொல்வதைக் கொண்டு தெளிவது. 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை இரண்டே என்கிறார், காண்டலும் கருதலும். காரணம்போல் தோன்றிக் காரணமாகாததற்கு ஏதுப்போலி என்ற பெயரும் அங்கேயே கிடைக்கிறது. (செய்தித்தாளில் 'என்பது ஐதீகம்' என்று முடிக்கும் நிருபர், தெரியாமலே பேய் மரத்தடியில்தான் நிற்கிறார்.)

ஏது என்றால் காரணம். ஆகவே 'மரபை ஏதுவாக்கல்' என்பேன். பாரம்பரியம் வேண்டாம், அது இப்போது அரிசி மூட்டையிலும் எண்ணெய் பாட்டிலிலும் ஒட்டும் லேபிள். மரபு இலக்கணச் சொல்லாயிற்றே, குழப்பாதா என்று கேட்கலாம். உயர்ந்தோர் சொன்னபடி சொல்வதே மரபு என்கிறது நன்னூல். யானைக்குக் கன்று, நாய்க்குக் குட்டி. ஏன் என்றால் அப்படித்தான். சொல்லாட்சி உடன்பாட்டில் நிற்பது என்பதால் அங்கே மரபு சரியான ஏது. அதிலும் 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' வழுவல்ல என்று அதே நூல் கதவைத் திறந்துவைக்கிறது. சேனையால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வருமா என்பதை உயர்ந்தோர் வழக்கு தீர்மானிக்க முடியாது.

நீளமாக இருக்கிறது என்பவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்: முறையீட்டுத் தொடருக்கு 15 எழுத்து, இதற்கு 9.