தூக்குக்குண்டைச் சாய்த்த மலை

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் ஷிஹேலியன் என்றொரு மலை இருக்கிறது. உயரம் 1,083 மீட்டர். அதன் கிழக்கே ப்ரேஸ் ஆஃப் ஃபாஸ் என்ற இடத்தில் காரை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தால், போய்வர ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். 3,000 அடியைத் தாண்டிய மலைகளை ஸ்காட்லாந்துக்காரர்கள் மன்றோ என்பார்கள்; மொத்தம் 282 இருக்கின்றன. ஒவ்வொன்றாக ஏறிப் பட்டியலில் டிக் அடிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களிடம் கேட்டால் ஷிஹேலியனை 'லேசான மலை' என்று சொல்லிவிடுவார்கள். அதை நம்பிப் போனால், கடைசி ஒரு கிலோமீட்டரில் முழங்கால் வேறு கதை சொல்லும்.

முதல் பாதி சுகமான நடை. இருபுறமும் ஹீதர் புதர்கள், ஆகஸ்டில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும். மிதித்தால் மெத்தைபோல அமுங்கும் பீட் சேறு. அந்தப் பாதையில் நடக்கும் உங்களுக்குத் தெரியாமல் ஒன்று நடந்துகொண்டிருக்கும்: மலை உங்களைத் தன் பக்கம் இழுக்கும். கவிதையாகச் சொல்லவில்லை. மலைச்சரிவில் சரியான இடத்தில் 70 கிலோ எடையுள்ள ஒருவர் நின்றால், பூமி அவரைக் கீழே இழுப்பதுபோல மலை பக்கவாட்டில் இழுக்கும். எவ்வளவு? சுமார் இரண்டு கிராம். ஒரு தேக்கரண்டி உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்த இரண்டு கிராமை வைத்துத்தான் 1774-ல் பூமியையே எடை போட்டார்கள்.

வழி எளிமையானது. வீடு கட்டும் கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவாரே, அதேதான். குண்டு பூமியின் மையத்தை நோக்கித் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு பெரிய மலை இருந்தால், அதுவும் குண்டைக் கொஞ்சம் தன்பால் இழுக்கும், நூல் சாயும். எவ்வளவு சாய்கிறது என்று தெரிந்தால், மலையின் இழுப்பு பூமியின் இழுப்பில் எத்தனையில் ஒரு பங்கு என்று தெரிந்துவிடும். மலையின் எடையைக் கணக்கிட முடிந்தால் பூமியின் எடையும் கிடைக்கும். நியூட்டனுக்கே இது தோன்றியது. ஆனால், சாய்வு அளக்க முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்கும் என்று அவர் விட்டுவிட்டார். 1738-ல் பூகே என்ற பிரெஞ்சுக்காரர் தென் அமெரிக்காவின் சிம்போராசோ மலையில் குளிரிலும் காற்றிலும் முயன்று பார்த்தார். சாய்வு இருப்பது தெரிந்தது. அந்த அளவை நம்பிக் கணக்குப் போடத்தான் முடியவில்லை.

அப்புறம் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி இதைக் கையில் எடுத்தது. தகுந்த மலையைத் தேடி 1773-ல் சார்லஸ் மேசன் என்ற நில அளவையாளரை அனுப்பினார்கள். அவர் தேர்ந்தெடுத்தது ஷிஹேலியனை. பக்கத்தில் வேறு பெரிய மலை இல்லை. முகடு கிழக்கு மேற்காக நீண்டிருக்கிறது. வடக்கும் தெற்கும் செங்குத்தான சரிவுகள். வடிவமும் ஒழுங்கானது. ரன்னாக் ஏரிக்கரையிலிருந்து பார்ப்பவர்கள் கூர்மையான கூம்பு என்று படம் எடுத்துத் தள்ளுகிறார்களே, அந்த அழகுதான் கணக்குக்கும் வசதியாக இருந்தது.

அரச வானியலாளர் நெவில் மாஸ்கலின் 1774 கோடையில் வந்து சேர்ந்தார். தெற்குச் சரிவில் ஒரு குடில், வடக்குச் சரிவில் ஒரு குடில். முகட்டின் மேல் மேற்கு நோக்கி ஏறும் இன்றைய நடைபயணிக்கு அந்த இடங்கள் இடப்பக்கமும் வலப்பக்கமும் கீழே இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல். நூல் சாய்ந்திருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? 'நேர்' எது என்று காட்டுவதே அந்த நூல்தானே! மாஸ்கலின் விண்மீன்களைப் பிடித்துக்கொண்டார். ஒரு விண்மீன் தலைக்கு மேலே கடக்கும்போது, தூக்குநூல் காட்டும் உச்சியிலிருந்து அது எத்தனை கோணம் விலகியிருக்கிறது என்று தெற்கிலிருந்து பார்ப்பது. அதே விண்மீனை வடக்கிலிருந்தும் பார்ப்பது. பூமி உருண்டை என்பதால், மலையே இல்லாவிட்டாலும் இரண்டு இடத்துக் கோணமும் ஒன்றாக இருக்காது. ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் கிடைப்பது ஒரு விகலை. இரண்டு குடில்களுக்கும் வடக்கு தெற்காக இருந்த தூரத்தைத் தரையில் அளந்தபோது, வித்தியாசம் 43 விகலை இருக்க வேண்டும் என்று வந்தது. விண்மீன்களோ 54.6 என்றன. மிகுதி 11.6 விகலை மலையின் வேலை. ஒவ்வொரு பக்கமும் 5.8.

5.8 விகலை என்பது எவ்வளவு? மூன்று மீட்டர் நீள நூலில் குண்டு பக்கவாட்டில் நகர்வது 0.08 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன். மேகமும் மழையும் விட்ட இடைவெளிகளில், 43 விண்மீன்களை 337 முறை பார்த்துத்தான் இந்தத் தலைமுடியைப் பிடித்தார். அக்டோபர் வரை, ஏறக்குறைய நான்கு மாதம். ஸ்காட்லாந்து மலைகளில் ஒரு வாரம் தங்கியவர்களுக்கே இந்தப் பொறுமையின் விலை புரியும்.

சரி, பாதைக்கு வருவோம். மேலே போகப் போக மண் மறைந்து வெறும் கற்குவியல். கால் வைக்கிற கல் ஆடும். இவை குவார்ட்ஸைட் பாறைகள். சுலபத்தில் கரைந்து மண்ணாகாதவை, அதனால் செடிகொடியும் அதிகம் பிடிப்பதில்லை. ஆனால் விரிசலில் புகுந்த தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருகும். உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, ஆப்பு வைத்ததுபோல் பாறையைப் பிளந்துவிடும். இதோ உச்சி என்று நினைத்து ஏறினால், அதற்குப் பின்னால் இன்னொரு மேடு தெரியும். நாலைந்து முறை இப்படி ஏமாந்த பிறகுதான் நிஜ உச்சி.

அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு போனில் வரைபடத்தைத் திறந்தால், சமஉயரக் கோடுகள் தெரியும். பள்ளியில் பூகோளத்தில் படித்தவைதான். இந்த மலையின் கணக்கில்தான் அந்த முறை பேர் பெற்றது. மலையின் கொள்ளளவு தெரியாமல் எடை தெரியாது. அளவையாளர்கள் குறித்துக் கொடுத்த உயரங்கள் தாள் முழுக்க எண்களாக மொய்த்துக் கிடந்தன. கணிதவியலாளர் சார்லஸ் ஹட்டன் ஒரே உயரமுள்ள புள்ளிகளை மெல்லிய கோடுகளால் இணைத்தார். மலையின் வடிவம் தாளில் எழுந்து நின்றது. பிறகு மலையைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் குண்டை எவ்வளவு இழுக்கும் என்று கையால் கணக்குப் போட்டார். பூமியின் பருமன் முன்பே தெரியும் என்பதால், அடர்த்தி கிடைத்தாலே எடையும் கிடைத்துவிடும். 1778-ல் விடை வந்தது: பூமியின் சராசரி அடர்த்தி மலையின் அடர்த்தியைப்போல் 1.8 மடங்கு, அதாவது மலை ஐந்து என்றால் பூமி ஒன்பது. மலைப்பாறை தண்ணீரைவிட 2.5 மடங்கு கனம் என்று வைத்துக்கொண்டால், பூமி 4.5 மடங்கு.

இன்று நமக்குத் தெரிந்த அளவு 5.51. ஹட்டன் விட்டது இருபது சதவீதத்துக்கும் குறைவு. பாறையின் அடர்த்தியைக் குறைவாக வைத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். என் கணக்கில் எண்ணைவிடப் பெரிய செய்தி அதன் பொருள்தான். மேலே கிடக்கும் பாறையைவிடப் பூமி மொத்தத்தில் கனமானது என்றால், உள்ளே பாறையைவிடக் கனமான ஏதோ இருக்க வேண்டும். உலோகம் என்றார் ஹட்டன். பூமிக்குள் பொள்ளலாக இருக்கலாம் என்று வானியலாளர் ஹாலி எழுதியிருந்த யோசனைக்கு இடமில்லாமல் போயிற்று.

இதே தூக்குக்குண்டு பின்னால் இந்தியாவிலும் ஒரு ரகசியத்தை உடைத்தது. 1850-களில் இமயமலையின் இழுப்பைக் கணக்கிட்டபோது சுமார் 16 விகலை சாய வேண்டியிருந்தது. நில அளவையில் கிடைத்ததோ ஐந்து சொச்சம். மலைகளுக்குக் கீழே, லேசான பொருள் வேர்போல ஆழத்தில் இறங்கியிருக்கிறது என்ற விளக்கம் அதிலிருந்துதான் பிறந்தது.

ஷிஹேலியனில் வேலை முடிந்த அன்று நடந்ததாக அந்த வட்டாரத்தில் ஒரு கதை சொல்கிறார்கள். வடக்குக் குடிலில் விருந்து, குடி, ஆட்டம். யார் கைதவறியோ குடில் தீப்பிடித்தது. கூடமாட உதவிக்கு இருந்த உள்ளூர்ப் பையன் ஒருவனின் பிடில் அதில் எரிந்துபோனது. லண்டன் திரும்பிய மாஸ்கலின் மறக்காமல் அவனுக்குப் புதிதாக ஒரு பிடில் அனுப்பி வைத்தாராம்.