சோல்: ஆன்மிக இசை அல்ல, உயிரிசை

ஆங்கில அகராதியில் 'சோல்' (soul) என்றால் ஆன்மா. அதனால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையை 'ஆன்மிக இசை' என்று எழுதத்தான் முதலில் கை போகும். அது பொருந்தாது. ஏன் என்பதற்கு சோல் பாடகர் சாம் குக்கின் கதையே போதும்.

1931இல் மிசிசிப்பியில் ஒரு போதகருக்குப் பிறந்து, சிகாகோவில் வளர்ந்தவர். 1950இல் 'சோல் ஸ்டிரர்ஸ்' என்ற கிறிஸ்தவப் பாடற்குழுவில் சேர்ந்தார். ஆன்மாவை உலுக்குகிறவர்கள் என்று அர்த்தம். இங்கே சோல் என்பது வேதாகமம் சொல்லும் ஆன்மாவேதான். அப்புறம் அவருக்குக் காதல் பாட்டு பாட ஆசை வந்தது. தேவாலயத்து ரசிகர்கள் வருத்தப்படுவார்களே என்று முதல் பாட்டை 'டேல் குக்' என்ற பெயரில் வெளியிட்டார். பெயரை மாற்றலாம், அந்தக் குரலை எங்கே ஒளிப்பது? 1957இல் சொந்தப் பெயரிலேயே 'யூ செண்ட் மீ' வந்து முதலிடம் பிடித்தது.

சபையில் கேட்ட அதே உருக்கம். ஆண்டவர் இருந்த இடத்தில் காதலி. சோல் பிறந்தது இப்படித்தான். இன்னொரு பாடகர் ரே சார்ல்ஸும் இந்த வழியில் வந்தவர்தான். 1969இல் அமெரிக்க இசை இதழான பில்போர்டு, கறுப்பின இசைக்கான தன் தரவரிசைப் பட்டியலுக்கே 'சோல்' என்று பெயர் வைத்தது.

1963இல் லூசியானாவில் ஒரு விடுதி, கறுப்பர் என்பதால் குக்குக்கு அறை தர மறுத்தது. அடுத்த ஆண்டு வெளியான 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்' பாட்டில், வாழ்வதும் கஷ்டம், சாகவும் பயம், வானத்துக்கு மேலே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை என்கிறார். போதகரின் மகன் பாடுகிறார் இதை! இதை எப்படி ஆன்மிகம் என்பது? 1964 டிசம்பரில் சுடப்பட்டு இறந்தபோது அவருக்கு வயது 33.

நம்மிடம் 'உயிரைக் கொடுத்துப் பாடினார்' என்ற பேச்சு ஏற்கெனவே இருக்கிறது. அதனால் 'உயிரிசை' என்பதே என் தேர்வு. இன்னொரு பொருத்தமும் உண்டு. குக் பாடும்போது வரியின் நடுவே 'ஓ... ஓ... ஓ' என்று ஒரே ஒலியை நாலைந்து சுரங்களில் உருட்டுவார். அப்படி உருள்வது உயிரெழுத்துதான்; க், ட், ப் போன்ற மெய்யெழுத்துகளை அப்படி இழுக்க முடியாது.

எழுதும்போது முதல் முறை மட்டும் 'சோல் எனப்படும் உயிரிசை' என்று சேர்த்துச் சொல்லிவிட்டால், பிறகு 'உயிரிசைப் பாடகர்' என்றே தொடரலாம்.